அணை நிறையும்போது

கள்ளிக்காடு மலையடியில் உள்ள ஊர். திருவனந்தபுரம் மாவட்டத்தில், காட்டாக்கடை வட்டத்தில் இருக்கிறது. கிழக்கே அகத்தியமலை. மலையில் மழை பெய்தால் நெய்யாற்றில் தண்ணீர் கூடும். கல்லாறும் முல்லையாறும் அதனுடன் வந்து சேரும். இப்படி வரும் தண்ணீரைத் தடுத்துச் சேர்த்து வைப்பதுதான் நெய்யாறு அணை. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. உயரம் 56 மீட்டர்.

மழைக்காலம் வந்தால் இந்தப் பக்கத்து மக்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்.

"டேமில வெள்ளம் எவ்வளவு நிக்குது?"

"ஷட்டர் திறந்தாச்சா?"

இங்கே தண்ணீரையே வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். முதல் கேள்வி வரப்போகும் கோடையைப் பற்றியது. அணை நிறைந்தால் குடிக்கவும் வயலுக்கும் தண்ணீர் உண்டு. இரண்டாவது கேள்வி இன்றைய இரவைப் பற்றியது. திடீரென்று ஷட்டர் திறந்தால் ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் வரும்.

அணைக்கு மிக அருகில் உள்ளவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அணை ஒரு மாநிலத்தில், வயல் அடுத்த மாநிலத்தில் என்றால்? அணை ஒரு நாட்டில், குடிநீர்க் குழாய் அடுத்த நாட்டில் என்றால்? அப்போது யாரிடம் கேட்பது? யார் பதில் சொல்வது?

இதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மேல்வயலும் கீழ்வயலும்

இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேட்டில் இருக்கிறது. மற்றது பள்ளத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஓடைதான். மேல்வயல்காரர் ஓடையில் ஒரு குளம் வெட்டுகிறார். அது அவருடைய நிலம். கோடையில் தண்ணீர் வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் குளம் நிறையும்வரை கீழே என்ன நடக்கும்? ஓடையில் வரும் தண்ணீர் முழுவதும் குளத்தில் நிற்கும். கீழ்வயலில் நாற்று வாடும்.

"அண்ணே, குளம் நிறையட்டும், வேண்டாம்னு சொல்லல. பாதித் தண்ணியக் கீழ விட்டுட்டு மீதிய நிறைச்சுக்கங்க. எம் பயிரும் பிழைக்கும்" என்று கீழ்வயல்காரர் சொல்கிறார்.

"அப்படிச் செஞ்சா குளம் நிறைய ரெண்டு மடங்கு நாளாகுமே தம்பி" என்கிறார் மேல்வயல்காரர்.

இருவர் சொல்வதும் உண்மைதான். சண்டை குளத்தைப் பற்றியது அல்ல. எத்தனை நாளில் நிறைப்பது, அதுவரை எவ்வளவு கீழே விடுவது என்பதுதான் கேள்வி. இதை நாற்று நடுவதற்கு முன்பே பேசி முடித்திருந்தால் நல்லது. நாற்று வாடிய பிறகு பேசினால் கோபம்தான் முன்னால் வரும்.

உலகத்தில் பெரிய பெரிய அணைகளைச் சுற்றி நடக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வயல்களின் வழக்குதான்.

தண்ணீரை அளப்பது எப்படி?

பேச்சு நடத்த வேண்டுமானால் அளவு தெரிய வேண்டும். பால் வாங்குகிறோம், லிட்டரில் அளக்கிறோம். ஆற்று நீரை எப்படி அளப்பது?

ஓடும் தண்ணீரைக் கன அடியில் அளப்பார்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டி ஒரு கன அடி. அதில் சுமார் 28 லிட்டர் பிடிக்கும். கிட்டத்தட்ட இரண்டு குடம். ஒரு நொடியில் எத்தனை பெட்டி தண்ணீர் கடந்து போகிறது என்று கணக்கிடுவார்கள். "நொடிக்கு 1,000 கன அடி" என்று வானொலியில் சொல்வது இதைத்தான்.

தேங்கி நிற்கும் தண்ணீரை டி.எம்.சி. என்னும் அளவில் சொல்வார்கள். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் சேர்வது ஒரு டி.எம்.சி.

நெய்யாறு அணையில் சுமார் 106 மில்லியன் கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். நம் கணக்கில் அது ஏறத்தாழ மூன்றே முக்கால் டி.எம்.சி. அணை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,000 கன அடி வருகிறது. ஒரு சொட்டும் வெளியே விடவில்லை. அப்படியானால் நிறைய 43 நாள் ஆகும். பாதியைக் கீழே விட்டால் 86 நாள் ஆகும். மேல்வயல்காரர் சொன்ன இரண்டு மடங்கு இதுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அணையில் உள்ள எல்லாத் தண்ணீரும் கால்வாயில் ஓடாது. கால்வாய் மதகு அணையின் அடிமட்டத்தைவிட உயரத்தில் இருக்கும். நீர்மட்டம் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டால், அணையில் தண்ணீர் தெரியும், கால்வாயில் வராது. அதனால் "தண்ணி கிடக்கே, ஏன் தரமாட்டேங்கிறாங்க?" என்று கேட்பதற்கு முன்னால் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

அணையை எப்போதும் விளிம்புவரை நிறைத்து வைப்பதும் ஆபத்து. 2018 ஆகஸ்டில் பெருமழை பெய்தது. கேரளத்தில் பல அணைகளை ஒரே சமயத்தில் திறக்க வேண்டி வந்தது. வரும் மழைக்கு அணையில் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும். எவ்வளவு இடம், எந்த மாதத்தில் என்பதற்கும் விதி வேண்டும்.

கோடு வந்தது

இனி நெய்யாற்றின் கதைக்கு வருவோம்.

ஆறு ஓடும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்கம் இருப்பது இடதுகரை. வலக்கைப் பக்கம் இருப்பது வலதுகரை. நெய்யாறு அணையிலிருந்து இரண்டு கரைகளிலும் கால்வாய் போகிறது. மக்கள் அதைச் சானல் என்பார்கள். இடதுகரைச் சானல் தெற்கே போகிறது. நெய்யாற்றின்கரை வட்டத்து நிலங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும். அதைத் தாண்டி விளவங்கோடு பக்கத்து நிலங்களுக்கும் தண்ணீர் கொடுக்கும். அப்படித்தான் திட்டம் போட்டார்கள்.

திட்டம் போட்டபோது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே ஆட்சியில் இருந்தன. திருவிதாங்கூர்-கொச்சி அரசுதான் திட்டத்தை வகுத்தது. ஒரே அரசு, ஒரே அணை, ஒரே சானல். ஒப்பந்தம் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பி பத்திரம் எழுதுவார்களா?

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறின. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை வந்தது. திருவிதாங்கூர் அரசு 1906-இல் கட்டிய பேச்சிப்பாறை அணை தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாறு அணை கேரளத்துக்குப் போனது.

எல்லை மாறினாலும் சானல் மாறவில்லை. கேரளத்தில் தொடங்கி, எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் ஏறத்தாழ 9,200 ஏக்கர் நிலம் இந்தச் சானலை நம்பியிருந்தது என்று தமிழ்நாடு அரசு சொல்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த மண் இது. பல ஆண்டுகள் தண்ணீர் வந்தது. 2004-இல் நின்றது.

ஏன் நின்றது? இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. இரண்டையும் கேட்க வேண்டும்.

கேரளம் சொல்வது இது. நெய்யாறு கேரளத்து மலையில் பிறக்கிறது. பூவாறில் கடலில் சேர்கிறது. எனவே அது இரு மாநிலத்து ஆறு அல்ல. அண்டை மாநிலத்துக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் முறையான ஒப்பந்தம் வேண்டும். அதற்குக் கட்டணமும் வேண்டும்.

தமிழ்நாடு சொல்வது இது. அணையும் சானலும் விளவங்கோட்டு நிலங்களையும் சேர்த்தே திட்டமிடப்பட்டவை. எல்லை மாறியதால் பழைய உரிமை போய்விடாது. முன்பிருந்த பாசன ஏற்பாடுகள் தொடர 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம் வழி செய்கிறது.

2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

கேரளத்துக்கும் தேவை கூடியிருக்கிறது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்கள் பல இந்த அணையின் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகரத்துக்கே குடிநீர்த் தட்டுப்பாடு வந்தது. பேப்பாறை அணையில் நீர் குறைந்துபோயிற்று. அப்போது நெய்யாறு அணையிலிருந்துதான் மோட்டார் வைத்து இறைத்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

ஆனால் வாதம் நடக்கும் ஆண்டுகளில் சானல் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் ஓடாத சானலில் புதர் முளைக்கும். மண் சரியும். குப்பை சேரும். கரையை வெட்டி வழி போடுவார்கள். தண்ணீர் வராத ஏலாவில் நெல் நடுவதை உழவர் விட்டுவிடுவார். வாழை வைப்பார், மரச்சீனி வைப்பார், ரப்பர் வைப்பார். ஏலாவில் தண்ணீர் நின்றால் பக்கத்துக் கிணறும் ஊறும். ஏலா காய்ந்தால் கிணறும் இறங்கும். நாளைக்கே தீர்ப்பு வந்து தண்ணீர் விட்டாலும், கடைமடை வரை போய்ச் சேர முதலில் சானலைச் சீர் செய்ய வேண்டும்.

எழுதாத ஒப்பந்தம் இப்படித்தான் ஆகிறது. ஒரே வீடாக இருந்தபோது பத்திரம் வேண்டியிருக்கவில்லை. பாகம் பிரிந்தபோது கிணற்றைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்த கணக்கு

இதே இரண்டு மாநிலங்கள் வேறோர் இடத்தில் கணக்கை எழுதி வைத்திருக்கின்றன. அது ஆனைமலையில் இருக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் என்று பெயர். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து உழவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

இங்கே பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருக்கிறது. அதை இயக்குவது தமிழ்நாடு. தண்ணீர் குகைவழியாகவும் கால்வாய் வழியாகவும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. ஆனால் கேரளத்துக்கு உரிய பங்கும் உண்டு. 1970 மே 29 அன்று இரு மாநிலங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதினார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? சித்தூர்ப்புழையில் மணக்கடவு என்னும் இடத்தில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். கேரளச் சோலையாறு அணைக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. கொடுக்க வேண்டும். ஆண்டு என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அதையும் எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 1 அன்றும் பிப்ரவரி 1 அன்றும் கேரளச் சோலையாறு அணை நிறைந்திருக்க வேண்டும். அணை நிறையும் நாளையே ஒப்பந்தத்தில் குறித்துவிட்டார்கள்! ஏன் இந்த இரண்டு நாட்கள்? ஒன்று தென்மேற்குப் பருவமழை முடியும் காலம். மற்றது கோடைக்கு முந்தைய காலம். அன்றைக்குப் போய் நீர்மட்டத்தைப் பார்த்தால் போதும். வாக்குக் காப்பாற்றப்பட்டதா என்று யாரும் சொல்லிவிடலாம்.

கணக்குப் பார்க்க இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்த வாரியம் ஒன்று உண்டு. அது கூடும். அளவு பார்க்கும். எந்த மாதத்தில் எவ்வளவு என்று பேசும்.

சண்டையே இல்லையா? இருக்கிறது. மழை குறைந்த ஆண்டில் கேரளம் "பங்கு வரவில்லை" என்று சொல்லும். தமிழ்நாடு "அணையிலேயே இல்லை" என்று சொல்லும். 30 ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 1988-இல் அந்தக் காலம் வந்தது. மறு ஆய்வு முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. 2019 செப்டம்பரில் இரு மாநில முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்தார்கள். குழுக்கள் அமைத்துப் பேச முடிவு செய்தார்கள்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே சண்டை "எவ்வளவு" என்பதைப் பற்றியது. இங்கே நெய்யாற்றில் "தரலாமா, வேண்டாமா" என்பதைப் பற்றியது. எழுதி வைத்த இடத்தில் சச்சரவு சிறிதாகிறது. தண்ணீர் நிற்பதில்லை.

2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் நடு ஷட்டர் திடீரென்று உடைந்தது. நொடிக்கு சுமார் 20,000 கன அடி தண்ணீர் பாய்ந்தது. அது கேரளத்துச் சாலக்குடி ஆற்றை நோக்கிப் போனது. ஷட்டர் தமிழ்நாட்டின் பொறுப்பு. ஆற்றங்கரை மக்கள் கேரளத்தவர். இரு பக்க அதிகாரிகளும் உடனே பேசிக்கொண்டார்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை போனது. பகையாளிகளாக இருந்தால் நள்ளிரவில் யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வார்கள்?

நாடுகளுக்கு இடையே

மாநிலங்களுக்குள் சண்டை வந்தால் நீதிமன்றம் இருக்கிறது. நாடுகளுக்குள் சண்டை வந்தால்?

ஆப்பிரிக்காவில் நைல் என்னும் பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கிளை நீல நைல். அது எத்தியோப்பியா மலைகளில் பிறக்கிறது. சூடான் வழியாக எகிப்துக்குப் போகிறது. எகிப்து பாலைவன நாடு. அங்கே பயன்படும் தண்ணீரில் பெரும்பகுதி நைல் ஆறுதான்.

எத்தியோப்பியாவில் கோடிக்கணக்கான மக்களின் வீட்டில் மின்விளக்கு இல்லை. அதனால் 2011-இல் நீல நைலில் ஒரு மாபெரும் அணை கட்டத் தொடங்கினார்கள். அதில் 7,400 கோடி கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். நம் மேட்டூர் அணையைப் போல் 28 அணைகள் நிறையும் தண்ணீர் அது. நீல நைலில் ஒன்றரை ஆண்டு ஓடும் தண்ணீர் முழுவதையும் தடுத்தால்தான் அது நிறையும்.

மேல்வயல், கீழ்வயல் நினைவிருக்கிறதா? சில ஆண்டுகளிலேயே நிறைக்க வேண்டும் என்றது எத்தியோப்பியா. மெதுவாக, பல ஆண்டுகள் எடுத்து நிறைக்க வேண்டும் என்றது எகிப்து. வறட்சி வந்தால் எவ்வளவு விடுவாய், அதை எழுதிக் கொடு என்றும் கேட்டது. சூடான் கேட்டது வேறு. சூடானின் அணை கீழே கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. நீ எப்போது மூடுவாய், எப்போது திறப்பாய் என்று அன்றன்று சொல் என்றது.

2015 மார்ச் 23 அன்று மூன்று நாடுகளும் கார்த்தூம் நகரில் ஒரு கொள்கை அறிக்கையில் கையெழுத்திட்டன. ஒத்துழைப்போம், பெரிய தீங்கு செய்யமாட்டோம், முதல் நிறைப்புக்கு விதிகள் வகுப்போம் என்று அதில் எழுதினார்கள். நல்ல சொற்கள். ஆனால் எண்கள் இல்லை. எந்த மாதத்தில் எவ்வளவு என்று இல்லை. பிறகு ஆண்டுக்கணக்கில் பேசியும் எண்களில் ஒத்துப்போகவில்லை.

2020 ஜூலையில் நிறைப்பு தொடங்கியது. சூடானில் ஆற்று மட்டம் சட்டென்று இறங்கியது. சில குடிநீர் நிலையங்கள் தண்ணீர் எடுக்க முடியாமல் நின்றன. அதன் பிறகு மழைக்காலம்தோறும் நிறைத்தார்கள். 2025 செப்டம்பர் 9 அன்று அணை திறந்துவைக்கப்பட்டது. எத்தியோப்பியாவுக்கு அது பெருமைக்குரிய நாள். அன்று வரை மூன்று நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. அதே மாதக் கடைசியில் சூடானில் வெள்ளம் வந்தது. அணையைத் திறந்ததுதான் காரணம் என்று எகிப்து குற்றம் சாட்டியது. எத்தியோப்பியா மறுத்தது.

எகிப்து அஞ்சியபடி பெரும் வறட்சி வரவில்லை. நிறைத்த ஆண்டுகளில் மழை நன்றாகப் பெய்தது. ஆனால் மழையை நம்பி எத்தனை ஆண்டு இருக்க முடியும்?

ஒரே அணை, மூன்று சொந்தக்காரர்கள்

ஆப்பிரிக்காவிலேயே இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. மேற்கே செனகல் என்னும் ஆறு ஓடுகிறது. அதைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளில் மாலி, மொரித்தானியா, செனகல் ஆகிய மூன்றும் உண்டு. மூன்றும் ஏழை நாடுகள். தனித்தனியே பெரிய அணை கட்டப் பணம் இல்லை. 1972-இல் மூன்றும் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கின. பின்னர், அணைகள் மூன்று நாடுகளுக்கும் பொதுச்சொத்து என்று உடன்படிக்கை எழுதின.

மனந்தாலி என்னும் அணை மாலி நாட்டில் இருக்கிறது. ஆனால் அது மாலிக்கு மட்டும் சொந்தம் அல்ல. கடனும் பொது. மின்சாரமும் பொது. மின்சாரத்தில் மாலிக்கு 52 பங்கு, செனகலுக்கு 33 பங்கு, மொரித்தானியாவுக்கு 15 பங்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 1989-இல் செனகலுக்கும் மொரித்தானியாவுக்கும் எல்லையில் மோதல் வந்தது. உயிர்ச்சேதமும் நடந்தது. அப்போதும் அந்த அமைப்பு கலையவில்லை. ஆற்றின் கணக்கைக் கூட்டாக வைத்திருந்ததால், பேச ஓர் இடம் மிச்சம் இருந்தது.

மூடும் நாளைக் குறித்த ஒப்பந்தம்

நம் நாட்டு வடக்கு எல்லையிலும் ஒரு பாடம் உண்டு. 1960-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் சிந்து நதி ஒப்பந்தம் செய்தன. சேனாப் ஆற்றில் இந்தியா மின் அணை கட்டினால், முதல் முறை எப்போது நிறைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஜூன் 21 முதல் ஆகஸ்ட் 31 வரை. ஏன்? அப்போதுதான் பனி உருகியும் மழை பெய்தும் ஆற்றில் தண்ணீர் மிகுதியாக ஓடும். அப்போது கொஞ்சம் எடுத்தால் கீழே உள்ளவருக்கு வலிக்காது.

2008-இல் பக்லிஹார் அணையை நிறைத்தபோது தண்ணீர் குறைந்தது என்று பாகிஸ்தான் புகார் சொன்னது. இரு நாட்டு ஆணையர்களும் பேசினார்கள். 2010-இல் அந்தப் புகார் பேச்சிலேயே முடிந்தது. இரண்டு நாடுகளும் போர் செய்தபோதும் இந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. எந்த ஒப்பந்தமும் தானாக நிலைத்து நிற்காது. நம்பிக்கை இருக்கும்வரைதான் தாளுக்கு மதிப்பு.

நல்ல ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

இந்தக் கதைகளிலிருந்து ஐந்து செய்திகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. எண் இருக்க வேண்டும். "போதிய தண்ணீர்" என்று எழுதினால் சண்டை வரும். எவ்வளவு, எந்த இடத்தில், எந்த நாளில் என்று எழுத வேண்டும்.

2. வறட்சி ஆண்டுக்குத் தனி விதி வேண்டும். மழை நன்றாகப் பெய்தால் யாரும் சண்டை போடுவதில்லை. குறைவைப் பங்கிடும் வழியைத்தான் முதலில் எழுத வேண்டும்.

3. அளவுகோல் பொதுவாக இருக்க வேண்டும். இரு தரப்பும் சேர்ந்து அளக்க வேண்டும். அளந்ததை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

4. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மூடும்போதும் சொல்ல வேண்டும். திறக்கும்போதும் சொல்ல வேண்டும்.

5. கூடிப் பேச நிலையான இடம் வேண்டும். சண்டை வந்த பிறகு இடம் தேடக்கூடாது. காலம் மாறும்போது ஒப்பந்தத்தைத் திருத்தவும் அங்கேயே வழி வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் குளத்து மடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது முன்னோர் செய்ததுதான். முறை மாறினால் ஊர் கூடும். கணக்குப் பார்க்கும். மறுபடி முறை வைக்கும்.

நெய்யாற்றுக்குத் திரும்புவோம்

நெய்யாற்றுக்கும் இந்த ஐந்தும் பொருந்தும். கேரளத்துக்குக் குடிநீர் வேண்டும். விளவங்கோட்டுப் பக்கத்துக்குப் பாசனம் வேண்டும். இரண்டையும் எண்ணால் எழுதலாம். அணை நிறைந்த ஆண்டில் இவ்வளவு, குறைந்த ஆண்டில் இவ்வளவு என்று வகுக்கலாம். எல்லையில், சானல் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், ஓர் அளவுகோல் நடலாம். பராமரிப்புச் செலவையும் பங்கிடலாம். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பேச்சுக்குத் தடை இல்லை.

எல்லையின் இரு பக்கத்திலும் இருப்பவர்கள் வேறு வேறு மக்கள் அல்ல. பாறசாலையில் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. களியக்காவிளையில் மலையாளம் பேசும் குடும்பங்கள் உண்டு. இங்கே பெண் கொடுத்து அங்கே பெண் எடுத்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு எல்லை தடையாக இல்லை. சந்தைக்கும் தடையாக இல்லை. தண்ணீருக்கு மட்டும் 2004 முதல் தடையாகிவிட்டது.

இதில் ஊர் மக்களுக்கு என்ன வேலை? ஒப்பந்தம் எழுதுவது அரசின் வேலைதான். ஆனால் அளவைத் தெரிந்துகொள்வது மக்களின் வேலை. அணையின் நீர்மட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. வதந்தியும் அவரிடம் எடுபடாது. சானல் கரையை வெட்டாமல் காப்பது மக்களின் வேலை. அடுத்த பக்கத்து உழவரின் தேவையையும் கேட்டு அறிவது மக்களின் வேலை. அந்தப் பேச்சு கீழே தொடங்கினால், மேலே இருப்பவர்களுக்கும் கையெழுத்துப் போடத் துணிவு வரும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த அணையிலிருந்து வருகிறது? அந்த ஆறு எங்கே பிறக்கிறது?

2. அந்த அணையில் இன்று நீர்மட்டம் எவ்வளவு? செய்தித்தாளில் பார்த்து ஒரு வாரம் குறித்து வையுங்கள். மட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா?

3. நொடிக்கு 100 கன அடி தண்ணீர் ஒரு சானலில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை கன அடி ஓடும்? கணக்குப் போடுங்கள்.

4. உங்கள் ஊரில் முறைப் பாசனம் உண்டா? யார் முறை வைத்தார்கள்? முறை தவறினால் என்ன செய்தார்கள்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

5. உங்கள் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பிரிவு மேல்வயல், மற்றது கீழ்வயல். மழை பாதிதான் பெய்திருக்கிறது. குளத்தை எப்படி நிறைப்பது என்று பேசி, இரு பிரிவும் ஒப்புக்கொள்ளும் நான்கு விதிகளை எழுதுங்கள்.